“ஓகே லா மாமா” என்று எழுந்து நிற்கும் பிள்ளை: திடலில் மூளை அதிர்வைக் கண்டுபிடிப்பது எப்படி

எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், செம்பனைத் தோட்டத்துத் திடலில் ஏழு பேர் ஆட்டம். கார்னரில் இருந்து வந்த பந்துக்கு என் அக்கா மகன் எகிறினான், எதிரணிப் பையனும் எகிறினான், இரண்டு மண்டையும் மோதிய சத்தம் கோட்டோரம் நின்ற எனக்கே கேட்டது, கோயில் வாசலில் தேங்காய் உடைக்கிற மாதிரி. விழுந்தவன் மூன்று நான்கு வினாடியில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். நான் ஓடிப்போய் நெற்றியில் மினியாக் அங்கின் தைலம் தேய்த்தேன், தலையில் தண்ணீர் ஊற்றினேன், “ஓகேவாடா?” என்று கேட்டேன். “ஓகே லா மாமா” என்றான். உள்ளே அனுப்பிவிட்டேன். அணியின் துணைப் பயிற்றுநர் நான்தான், அதனால் இதில் வேறு யார்மேலும் பழி போட எனக்கு வழியில்லை.

அதற்கு மேலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆடினான். நடுவில் ஷூ கயிறு கட்ட உட்கார்ந்தவன் கட்டினான், அவிழ்த்தான், திரும்பக் கட்டினான், மறுபடியும் அவிழ்த்தான். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, “சீக்கிரம் லா!” என்று கத்தினேன். ஆட்டம் முடிந்து வேனில் வரும்போது, “மாமா, நாம ஜெயிச்சமா?” என்றான். ஜெயித்தோம்டா, ரெண்டாவது கோல் நீ போட்டதுதானே என்றேன். சிரித்தான். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அதே கேள்வி. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் என் வயிறு கலங்கியது. வீட்டு வாசலில் இறங்கியதும் வாந்தி எடுத்தான், நேராக ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்குள் இரத்தக் கசிவு இல்லை, ஒரு ராத்திரி வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். தப்பித்தான், நானும் தப்பித்தேன்.

அதற்கப்புறம் உட்கார்ந்து படித்ததையும், டாக்டரிடமும் பிசியோவிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் தோட்டத்து அணிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள், பள்ளி விளையாட்டு ஆசிரியர்கள், அம்மா அப்பாக்கள் எல்லாருக்கும் ஆகும்படி எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. திடலில் டாக்டர் இருக்கமாட்டார் என்பதால்தான் இதை எழுதவே வேண்டியிருக்கிறது.

முதலில், இது என்ன என்று ஒரு தெளிவு

மலாயில் கெகாரான் ஓத்தாக் என்பார்கள், கிளினிக்கில் கன்கஷன் என்பார்கள், தமிழில் மூளை அதிர்வு. மண்டை ஓட்டுக்குள் மூளை ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை வெடுக்கென்று நிற்கும்போதோ திரும்பும்போதோ மூளை உள்ளே குலுங்கி, அதன் நரம்பு இழைகள் இழுபடுகின்றன. செல்களுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே போகிறது, கால்சியம் உள்ளே வருகிறது, அதைச் சரிசெய்ய மூளைக்கு அதிக சக்தி தேவைப்படுகிறது, ஆனால் அதே நேரத்தில் மூளைக்கு வரும் இரத்த ஓட்டம் குறைகிறது. தேவை கூடி வரவு குறைந்த வீடு மாதிரி, சில நாள் அது தடுமாறும். இது மூளை வேலை செய்யும் விதத்தில் வந்த கோளாறு. எலும்பு முறிவு மாதிரி படத்தில் தெரியாது. அதனால்தான் எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ எடுத்து “ஒன்னும் இல்ல” என்று வந்தால், இரத்தக் கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்றுதான் அர்த்தம். மூளை அதிர்வு இல்லை என்று அர்த்தம் இல்லை. இந்த ஒரு விஷயத்தை அக்காவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

இன்னும் இரண்டு தப்பான நம்பிக்கைகளை இப்போதே ஓரங்கட்டிவிடுகிறேன். மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்வு என்பது ஒன்று. விளையாட்டில் வரும் மூளை அதிர்வுகளில் பத்தில் ஒன்றில்கூட நினைவு தப்புவதில்லை. தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்பது இன்னொன்று. கபடியில் இரண்டு பேர் இடுப்பையும் காலையும் பிடித்து மல்லாக்கத் தள்ளும்போது தலை தரையில் படாமலே சாட்டை மாதிரி வெட்டிப் போகும், அது போதும். பிள்ளைகளுக்குக் கழுத்துத் தசை இன்னும் பலப்படவில்லை, உடம்புக்குத் தலை பெரிது, அதனால் பெரியவர்களைவிட அவர்களுக்குக் குலுக்கல் அதிகம். குணமாகவும் கூடுதல் நாள் ஆகும்: பெரியவர்களுக்கு வழக்கமாக இரண்டு வாரம், பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரை. கால்பந்தில் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இது அதிகம் வருகிறது. வலைப்பந்து ஆடும் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் “வெயில் தாங்கல” என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 1: விழும்போதும் எழும்போதும் பாருங்கள்

மோதல் நடந்த அடுத்த நிமிடம் எல்லார் கண்ணும் பந்து போகும் பக்கம்தான் இருக்கும். ஒருத்தர், ஒரே ஒருத்தர், பந்தை விட்டுவிட்டு விழுந்தவனைப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு ஆட்டத்துக்கு முன்பே ஆள் நியமித்துவிடுங்கள். எங்கள் அணியில் அது இப்போது நான், ஸ்கோர் என்ன என்றுகூடச் சில நாள் எனக்குத் தெரியாது.

பார்க்க வேண்டியவை: அசையாமல் கிடக்கிறானா. விழும்போது கையால் ஊன்றிக்கொள்ளாமல் மரம் சாய்வது போல விழுந்தானா. விழுந்தபின் கை விறைத்து முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறதா. இது ஓரிரு வினாடிதான் இருக்கும், மூளைக்கு அடி பலம் என்று சொல்லும் அடையாளம் அது. எழுவதற்கு நேரம் எடுக்கிறானா, எழுந்ததும் கால் பின்னுகிறதா, கண் எங்கோ வெறித்துப் பார்க்கிறதா, தலையை இரண்டு கையாலும் பிடிக்கிறானா, தப்பான பக்கம் ஓடுகிறானா, வழக்கமாகத் தூங்கிக்கொண்டே செய்யும் வேலை அவனுக்கு இப்போது கைகூடவில்லையா. இதில் ஒன்று இருந்தாலே போதும். என் மருமகனின் ஷூ கயிறு அந்தக் கடைசி வகை.

படி 2: அபாய அறிகுறி இருந்தால் மற்ற எதையும் படித்துக்கொண்டிருக்காதீர்கள்

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் 999, அல்லது ஆம்புலன்ஸ் வர நேரமாகும் உள்தோட்டமாக இருந்து, பிள்ளை நினைவோடு, கழுத்து வலி இல்லாமல், தானே நடக்கிற நிலையில் இருந்தால் உடனே காரில் ஆஸ்பத்திரி:

- கழுத்து வலி, அல்லது கழுத்தைத் தொட்டாலே நோவு
- ஒன்று இரண்டாகத் தெரிவது, பார்வை போவது
- கை கால் பலவீனம், மரத்துப்போதல், எரிச்சல்
- கடுமையான தலைவலி, அல்லது கூடிக்கொண்டே போகும் தலைவலி
- வலிப்பு
- கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது
- நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் மந்தமாகிக்கொண்டே போவது, எழுப்ப முடியாமல் தூங்குவது
- வாந்தி
- காரணமில்லாமல் கத்துவது, அடிக்க வருவது, கட்டுக்கடங்காமல் போவது
- மண்டை ஓடு குழிந்திருப்பது, காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தண்ணீர் மாதிரி வடிவது

நினைவில்லாமல் கிடந்தால் கழுத்திலும் அடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பழக்கம் என்ன? நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி நிழலுக்குக் கொண்டுபோவது, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது, கன்னத்தில் தட்டி உலுக்குவது. இந்த மூன்றும் கூடாது. மூச்சு இருக்கிறதா பாருங்கள், தலையை இரண்டு பக்கமும் கையால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். வாந்தி வந்தால் மட்டும் மூன்று நான்கு பேர் சேர்ந்து தலை, கழுத்து, உடம்பு ஒரே மரக்கட்டை மாதிரி இருக்கும்படி பக்கவாட்டில் புரட்டுங்கள். மூச்சு இல்லையென்றால் கழுத்துக் கணக்கு இரண்டாவது, நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிடுங்கள். தைலத்தை மூக்கில் வைக்காதீர்கள், அந்தக் காரத்துக்குத் தலையை வெடுக்கென்று திருப்புவான், கழுத்தில் அடி இருந்தால் போச்சு. நெற்றியில் தேய்த்த நானும் அந்தத் தைலத்தோடுதான் ஓடினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மேலே சொன்ன “நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன்” என்ற வரியை இன்னொரு தடவை படியுங்கள். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் இரத்தம் கசிந்தால், பிள்ளை எழுந்து நடந்து, மைலோ குடித்து, ஜோக் அடித்துவிட்டு, ஒரு மணி நேரமோ சில மணி நேரமோ கழித்துத்தான் மயங்கி விழுவான். நடுவில் உள்ள அந்த நல்ல நேரம்தான் ஆளை ஏமாற்றும்.

படி 3: வெளியே எடுங்கள், பிறகு கேளுங்கள்

அபாய அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது. அப்போது செய்ய வேண்டியது ஆளை வெளியே எடுப்பது. கேள்வி கேட்டுப் பாஸ் பண்ணினால் உள்ளே விடலாம் என்று நினைக்காதீர்கள். சந்தேகம் வந்ததுமே அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. கேள்வியெல்லாம் என்ன நிலைமை என்று தெரிந்துகொள்ளத்தான்.

2014 உலகக் கிண்ண இறுதியாட்டம் பார்த்தவர்களுக்கு ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் ஞாபகம் இருக்கும். 17-ஆவது நிமிடம் அர்ஜென்டினாவின் கராய் தோளில் முகம் மோதி விழுந்தார். எழுந்தார், ஆடினார். சிறிது நேரத்தில் நடுவர் ரிசோலியிடம் போய், “இது இறுதியாட்டமா?” என்று கேட்டிருக்கிறார். கிராமர் கிண்டல் பண்ணுகிறார் என்று நடுவர் முதலில் நினைத்தாராம், பிறகு ஜெர்மனி ஆட்டக்காரர்களிடம் சொன்னார். 31-ஆவது நிமிடம்தான் வெளியே எடுத்தார்கள். உலகத்திலேயே பெரிய ஆட்டம், கோட்டோரத்தில் டாக்டர்கள் நிற்கிறார்கள், அப்போதும் 14 நிமிடம் ஓடிவிட்டது. நம் திடலில் மினியாக் அங்கின் புட்டியோடு நிற்கும் ஆளுக்கு என்ன தெரியும் என்று ஒருவகையில் ஆறுதல்தான், ஆனால் அந்த ஆறுதல் ஆபத்தானது.

கேள்விக்கு வருவோம். “உன் பேர் என்ன, இன்னிக்கு என்ன கிழமை” என்று கேட்பது பிரயோசனம் குறைவு. ஆஸ்திரேலிய நரம்பு உளவியலாளர் டேவிட் மடாக்ஸ் 1995-இல் காட்டியது இதைத்தான்: அடிபட்டவன் தன் பெயரையும் வயதையும் சரியாகச் சொல்லிவிடுவான், சற்றுமுன் நடந்ததைக் கேட்டால்தான் மாட்டுவான். அவர் பெயரிலேயே வழங்கும் கேள்விகளை நம் திடலுக்கு ஏற்ற மாதிரி இப்படிக் கேட்கலாம்:

- இப்ப எந்தத் திடல்ல இருக்கோம்?
- இது முதல் பாதியா, ரெண்டாவது பாதியா?
- கடைசியா யாரு கோல் போட்டா?
- போன ஆட்டம் எந்த டீமோட ஆடுனோம்?
- அதுல ஜெயிச்சமா?

கபடி என்றால் “கடைசியா யாரு ரெய்டு போனா”, சிலம்பம் என்றால் “உன்கூட நின்னது யாரு”. ஒரு பதில் தப்பினாலும் மூளை அதிர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாகச் சொன்னாலும், அறிகுறி ஏதாவது இருந்தால் அப்போதும் மூளை அதிர்வுதான். இந்தக் கேள்விகள் பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு மேல்தான் ஒத்துவரும். ஆண்டு 3, ஆண்டு 4 பிள்ளைகளிடம் “சாப்பாட்டு நேரம் முடிஞ்சிருச்சா, கடைசிப் பாடம் யாரு எடுத்தாங்க” என்ற மாதிரி கேளுங்கள்.

அப்புறம், “எப்படி இருக்கு?” என்று கேட்டால் பிள்ளைகள் சொல்லும் மொழியைக் கவனியுங்கள். தலை சுற்றுகிறது, கவனம் சிதறுகிறது என்று புத்தகத்தில் இருப்பது போலச் சொல்லமாட்டார்கள். “தல கிர்ர்னு இருக்கு”, “மண்ட கனமா இருக்கு”, “வெளிச்சம் கண்ணக் குத்துது”, “சத்தம் புடிக்கல”, “எல்லாம் ஸ்லோவா போற மாதிரி இருக்கு”. எல்லாவற்றையும்விட முக்கியமானது, “என்னமோ மாதிரி இருக்கு மாமா.” அதைச் சொன்னால் மேற்கொண்டு விளக்கம் கேட்டு நச்சரிக்க வேண்டாம். பத்து வயதுக்குக் கீழே சிலர் எதுவும் சொல்லாமல் அழுவார்கள், அம்மா வேண்டும் என்பார்கள், வயிற்றைப் பிடிப்பார்கள்.

வெயில் விஷயம் ஒன்று. மத்தியானம் மூன்று மணிக்கு முப்பத்து மூன்று டிகிரியில் ஓடினால் தலைவலி, மயக்கம், குமட்டல் எல்லாம் வெயிலிலும் வரும். எது எது என்று திடலில் பிரித்துப் பார்க்க நமக்குத் தெரியாது. தலையோ உடம்போ மோதியிருந்தால் மூளை அதிர்வு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிழலில் உட்காரவைத்து 100 பிளஸ் கொடுத்தபின் தெளிந்துவிட்டான் என்று திரும்ப உள்ளே அனுப்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு.

ஏன் இவ்வளவு கறார்? 2006-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் தலையில் அடிபட்டு, சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு, அதே ஆட்டத்தில் மறுபடியும் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் விழுந்தவனுக்கு மூளையில் இரத்தக் கசிவு, உயிர் பிழைக்க மண்டை ஓட்டைத் திறக்க வேண்டியிருந்தது, திரும்ப நடக்கப் பல வருடம் ஆனது. 2009-இல் அவன் பெயரில் அங்கே சட்டம் வந்தது. கனடாவில் 2013-இல் ரோவன் ஸ்டிரிங்கர் என்ற 17 வயது ரக்பி வீராங்கனை ஒரே வாரத்துக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்துபோனாள். அதற்குமுன் தன் போனில் மூளை அதிர்வைப் பற்றித் தேடிப் பார்த்திருக்கிறாள், தோழிகளுக்குத் தலைவலி பற்றிச் செய்தி அனுப்பியிருக்கிறாள், பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. 2018-இல் ஒன்டாரியோவில் வந்த சட்டம் அவள் பெயரில்தான். முதல் அடியில் இருந்து மூளை தேறாத நிலையில் இரண்டாவது அடி பட்டால், அபூர்வமாக, மூளை வேகமாக வீங்கிவிடும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும்தான் வருகிறது. இதை ஒரு வீட்டில் சொன்னபோது, “சும்மா பயமுறுத்தாதீங்கண்ணே” என்றார்கள். சரி, பயமுறுத்துகிறேன்.

படி 4: வீட்டுக்கு எப்படி அனுப்புவது

தனியாக அனுப்பக் கூடாது. முதல் சில மணி நேரம் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இருக்க வேண்டும். நம் பக்கம் இதில் ஒரு சிக்கல், 16 வயதில் மோட்டார் லைசன்ஸ் எடுத்துவிடுகிறார்கள், எடுக்காமலே ஓட்டுகிறவர்களும் உண்டு. அடிபட்ட பையன் ஆட்டம் முடிந்ததும் மோட்டாரில் ஏறித் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் இருட்டுக்குள் போகிறான். சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

அம்மா அப்பாவிடம் நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் செய்தி போதாது. சொல்லும்போது என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, நினைவு தப்பியதா, என்ன கேட்டேன், என்ன சொன்னான் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான், அப்போது பெற்றோருக்குத் தெரியாது, பிள்ளைக்கும் ஞாபகம் இருக்காது. அபாய அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றோ மறுநாளோ டாக்டரிடம் காட்டுங்கள், அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட்தான். முன்பெல்லாம் மருந்து கொடுக்கிற தோட்டத்து டிரசர் இருந்தார், எந்த நேரமும் கதவைத் தட்டலாம். இப்போது டவுனுக்குத்தான் போகணும், அதனால் “நாளைக்குப் பார்ப்போம்” என்று தள்ளிப்போடுகிறோம்.

படி 5: முதல் இரவு

“தூங்கவிடக் கூடாது” என்று பாட்டிமார் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை தூங்கலாம், தூக்கம் நல்லதுதான். பக்கத்தில் யாராவது படுத்துக்கொண்டு, மூச்சு சீராக இருக்கிறதா, தொட்டால் அசைகிறானா என்று பாருங்கள். டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் எழுப்பிப் பேச்சுக் கொடுங்கள். எழுப்பவே முடியாத தூக்கம்தான் ஆபத்து, அது வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

தலைவலிக்குப் பனாடோல் (பாராசிட்டமால்), பாக்கெட்டில் போட்டிருக்கும் வயது அளவுக்கு. ஆஸ்பிரின் வேண்டாம், ஐபுபுரோஃபனும் முதல் இரண்டு நாள் வேண்டாம், இரத்தக் கசிவு இருந்தால் கூட்டிவிடும் என்ற பயம். தூக்க மாத்திரை, பீர் எதுவும் கூடாது. பதினேழு வயதுப் பையன்களைப் பற்றிப் பேசும்போது பீரை நான் சொல்லாமல் விட்டால் அது நாடகம்.

படி 6: அடுத்த நாற்பத்தெட்டு மணி நேரம்

அறிகுறி சில பிள்ளைகளுக்கு மறுநாள்தான் தலைகாட்டும். அதனால் சனிக்கிழமை அடி என்றால் திங்கட்கிழமை வரை கண் வைத்திருங்கள். இங்கே பயிற்றுநரைவிட அம்மாவுக்கும் தங்கச்சிக்கும்தான் தெரியும். என் மருமகன் விஷயத்தில், “அண்ணன் இன்னிக்கு என்கிட்ட சண்டையே போடல” என்று ஒன்பது வயது தங்கச்சிதான் முதலில் சொன்னாள். சிலருக்கு நேர்மாறாக, தொட்டதுக்கெல்லாம் எரிச்சல், காரணமில்லாத அழுகை. பதின்ம வயதுத் திமிர் என்று திட்டிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் முன்னால் தோசைத் தட்டை வைத்த அக்கா, அவன் சட்னியை ஊற்றிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். என்னடா என்றால், “என்ன பண்ணணும்னு யோசிச்சேன்” என்றானாம்.

முன்பு இருட்டு அறையில் படுக்கவைத்து, தலைவலி தீரும்வரை எழும்பாதே என்பார்கள். இப்போது அது கிடையாது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக மூளை அதிர்வு மாநாட்டின் அறிக்கை 2023-இல் வந்தது, அதன்படி முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு, அதாவது வீட்டுக்குள் நடமாட்டம், மெதுவான நடை, குளியல் எல்லாம் சரி. தலைவலி கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, பத்துப் புள்ளி அளவில் இரண்டு புள்ளிக்கு மேல் கூடினாலோ ஒரு மணி நேரத்தில் அடங்காவிட்டாலோ நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு நாளும் போன், டிவி, கேம் குறைத்தால் சீக்கிரம் குணமாகிறது. போனைப் பிடுங்குவது எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

படி 7: முதலில் பள்ளி, அப்புறம்தான் திடல்

இதைத் தலைகீழாகச் செய்கிற வீடுகள் உண்டு, எம்சி (மருத்துவ விடுப்பு) வாங்கிப் பள்ளிக்கு மட்டம், சாயங்காலம் பயிற்சிக்கு வந்துவிடுவான். முழு நாள் பள்ளியைத் தலைவலி இல்லாமல் தாக்குப்பிடிக்கிற பிள்ளைதான் முழு விளையாட்டுக்குத் தயார். முதலில் வீட்டில் பத்து பதினைந்து நிமிடம் படிப்பு, பிறகு அரை நாள், பிறகு முழு நாள். வெயிலில் நிற்கும் காலை சபைகூடல், கேன்டீன் இரைச்சல், சாயங்கால டியூஷன், இந்த மூன்றும்தான் தலைவலியைக் கூட்டும் என்று வகுப்பாசிரியருக்குச் சொல்லிவைத்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

படி 8: திடலுக்குத் திரும்பும் ஆறு கட்டம்

ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம்.

முதல் கட்டம், நடை மாதிரி அன்றாட வேலை. இரண்டாவது கட்டம், இதயத் துடிப்பை ஏற்றும் பயிற்சி: தொடக்கத்தில் அதிகபட்சத் துடிப்பில் 55 விழுக்காடு வரை, பிறகு 70 விழுக்காடு வரை. 220-இல் வயதைக் கழித்தால் அதிகபட்சம் தோராயமாகக் கிடைக்கும், 14 வயதுப் பிள்ளைக்கு 206, ஆகவே முதலில் நிமிடத்துக்கு 113, பிறகு 144. கழுத்தில் விரலை வைத்து எண்ணலாம், வாட்ச் வேண்டியதில்லை. மூன்றாவது கட்டம், தனியாக ஓட்டம், பந்தைக் காலால் உருட்டல், யாரும் பக்கத்தில் இல்லாமல். இந்த மூன்றையும் லேசான அறிகுறி இருக்கும்போதே செய்யலாம்.

நான்காவது கட்டம், மோதல் இல்லாத அணிப் பயிற்சி. இங்கிருந்து மேலே போக எல்லா அறிகுறியும், ஓடி முடித்த பிறகுகூட, முழுசாகப் போயிருக்க வேண்டும். தலைக்குப் பந்தோ ஆளோ தவறிப் பட வாய்ப்புள்ள பயிற்சிக்கு முன்னால் டாக்டர் சம்மதம் வேண்டும், எழுத்தில். ஐந்தாவது கட்டம் முழுப் பயிற்சி, ஆறாவது கட்டம் ஆட்டம். நான்காவது கட்டத்தில் இருந்து அறிகுறி திரும்பி வந்தால் மூன்றாவது கட்டத்துக்கு இறங்குங்கள்.

கணக்குப்படி பார்த்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் போல இருக்கும், அது விளையாட்டு மருத்துவர் பக்கத்தில் இருக்கும் அணிகளுக்கு. நம்மைப் போன்ற உள்ளூர் அணிகளுக்கு எனக்குப் பிடித்தது பிரிட்டன் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி: அடிபட்ட நாளில் இருந்து 21 நாளுக்கு முன் போட்டி கிடையாது, மோதல் உள்ள பயிற்சிக்கு முன் தொடர்ந்து 14 நாள் அறிகுறி இல்லாமல் இருந்திருக்க வேண்டும். எண்ணுவது சுலபம், பையனோடு வாதாடுவதும் சுலபம், காலண்டரைக் காட்டினால் போதும். நான்கு வாரத்துக்கு மேலும் தலைவலியோ தலைசுற்றலோ இருந்தால் திரும்ப டாக்டரிடம் போங்கள், கழுத்துக்கும் சமநிலைக்கும் பிசியோ பயிற்சி உண்டு, பலனும் கிடைக்கிறது.

தலைக்கவசம், நெற்றிப் பட்டை கேட்கிறவர்களுக்கு: தோல் கிழிவதையும் எலும்பு உடைவதையும் கவசம் தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் இரும்புக் குழாய் கோல்போஸ்ட்டைத் தரையில் ஊன்றிக் கட்டுங்கள், திடலை ஒட்டி இருக்கும் சிமெண்டு லொங்காங்குக்கு (சாக்கடைக்கு) முன்னால் ஒரு கயிறாவது இழுத்துக் கட்டுங்கள்.

என் பையில் மினியாக் அங்கின் இன்னும் இருக்கிறது, கணுக்காலுக்கு. அதோடு ஒரு நோட்டு, இரண்டு பேனா, லாமினேட் பண்ணின ஒரு தாள்: ஒரு பக்கம் அபாய அறிகுறிகள், மறுபக்கம் ஐந்து கேள்விகள். சி.ஆர்.டி. 6 (CRT6) என்று தேடினால் கிடைக்கும், மூளை அதிர்வை அடையாளம் காண உதவும் இலவசத் தாளைப் பார்த்து நானே தமிழில் எழுதியது. ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளை உட்காரவைத்து, “உங்க பக்கத்துல ஆடுறவன் என்னமோ மாதிரி இருந்தா என்கிட்ட சொல்லுங்க, அது போட்டுக்கொடுக்கிறது இல்ல” என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். போன மாதம் எங்கள் கோல் கீப்பரைப் பற்றி ஓடிவந்து சொன்னவன் என் மருமகன்தான். அந்தப் பையனைத் திரும்ப உள்ளே அனுப்பச் சொல்லி அவன் அப்பா என்னிடம் கால் மணி நேரம் சத்தம் போட்டார், நான் நோட்டில் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.